கம்பெனிக்காரரும் என் பத்து விரலும்

கெளுத்தி மீனை வாங்கி, அதோட முள்ளால தன் காலையே குத்திக்கிட்ட மனுஷன் இந்த பூமியில ஒருத்தர்தான். அவர் எங்க கோட்டைக்குப்பத்துல இருந்தார். பேரு யாருக்கும் தெரியாது. கம்பெனிக்காரர்னா எல்லாருக்கும் தெரியும்.

எழுபத்தெட்டாம் வருஷவாக்குல மீஞ்சூர்லேர்ந்து வந்தார். விஞ்ஞான வாத்தியாரா இருந்தவராம். ஏரிக்கரையில ஒரு கீத்துக் கொட்டாய், நாலு சாடி, வாசல்ல ‘நரம்பு வலி மருந்து ஆராய்ச்சிக் கம்பெனி’ன்னு போர்டு. முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. கரையில கொழகொழன்னு ஒதுங்குற, தொட்டா அரிக்கிற சொறி மீனைக் காய்ச்சி மருந்து எடுப்பார். மருந்தைச் சோதிக்க வலி வேணுமே? அதுக்குத்தான் கெளுத்தி முள்ளு. காலையில அலறல் கேட்டா, “கம்பெனி தொறந்துட்டாங்கடி”ன்னு உலை வெப்போம்.

யாருக்காவது வலின்னா நோட்டோட ஓடி வருவார். பிரசவ வலியில கெடந்தவகிட்டயே ஜன்னல் வழியா, “எரியுதா, குத்துதா, சுண்டுதா? ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா”ன்னு கேட்டு, மருத்துவச்சி கையால வெளக்குமாத்தடி வாங்கினார்.

நான் அப்ப ஏரியில கையால இறால் புடிக்கிறவ. தண்ணியில உக்காந்து, பறிக்கூடையோட கயித்தைப் பல்லால கடிச்சுக்கிட்டு, சேத்தை ரெண்டு கையாலயும் துழாவணும். கலங்கின தண்ணியில கண்ணு எதுக்கும் ஆகாது. விரலுக்குத்தான் இறால் தெரியும். அப்படித் துழாவுறப்ப வலது கையில ஒரு கெளுத்தி குத்திடுச்சு. புண்ணு ஆறியும் வலி போகல. சோறு பிசைஞ்சாக்கூட தோள் வரைக்கும் சுண்டி இழுக்கும். கை போச்சுன்னா என் ரெண்டு பிள்ளைங்களுக்குக் கஞ்சி ஏதுன்னு நேரா கம்பெனிக்குப் போனேன்.

“மருந்தைக் குடு சார்.”

“இன்னும் ஒம்போது நாள் என் மேல போட்டுப் பாக்கணும் கன்னிம்மா.”

“உனுக்கு இன்னா சார், நீ வேணும்னு குத்திக்கிற. நானா கேட்டேன்?”

அவர் மீன் வாங்கப் போன நேரமாப் பாத்து உள்ள பூந்தேன். ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்னு ரெண்டு கையையும் சாடிக்குள்ள விட்டேன்.

வலி பறந்துடுச்சு! சிரிச்சுக்கிட்டே ஏரிக்கு ஓடினேன். துழாவுறேன், துழாவுறேன், சேறு தெரியல, தண்ணி தெரியல. கையை வெளியில எடுத்தா, சுண்டு விரலைக் கவ்விக்கிட்டு ஒரு நண்டு தொங்குது. கவ்வினதே எனக்குத் தெரியல! நான் போட்ட கூச்சல்ல வாயிலிருந்த கயிறு நழுவி, பறி மெதந்து போயிடுச்சு.

கூச்சலைக் கேட்டு கம்பெனிக்காரர் மூச்சிறைக்க வந்தார். சாடியில கை விட்டதைச் சொன்னேன். திட்டுவார்னு பாத்தா, மூஞ்சி வெளுத்து நிக்கிறார்.

“நான் சொட்டுதான் போட்டேன். அதுக்கே ரெண்டு நாள் கால் மரத்துடுச்சு. இது எப்பத் தெளியும்னு எனக்குத் தெரியலயேம்மா.”

அவர் அப்படிச் சொன்னதும் ரெண்டு கையையும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுப் பாத்தேன், சத்தம்தான் கேட்டுச்சு.

மூணு நாள் அவர் எங்க வாசலை விட்டு நகரல. பிள்ளைங்களுக்கு அவரே கஞ்சி காய்ச்சி ஊத்தினார். மணிக்கொரு தரம் விரலு விரலா கிள்ளி, “தெரியுதா?”ம்பார். “இல்ல சார்”ம்பேன். நோட்டை மட்டும் வெளியில எடுக்கவே இல்ல. அதைப் பாத்துதான் எனக்குப் பயம் இன்னும் ஏறுச்சு.

நாலாம் நாள் காலையில கிள்ளினார்.

“ஐயோ, வலிக்குது சார்!”

என் கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டு அந்த மனுஷன் கோன்னு அழுதார். அன்னிக்கே சாடியெல்லாத்தையும் குழி தோண்டிக் கொட்டினார்.

பழைய வலி அப்படியேதான் இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏரியில எறங்கினேன். கையில பட்ட மொத இறாலை வறுத்து அவருக்குத்தான் வெச்சேன். எதிர்ல உக்காந்துக்கிட்டேன். எங்க நைனா சாப்புடறதைப் பாக்குற மாதிரி இருந்துச்சு.