நண்பரின் மனைவிக்கு ஒரு பம்பு

உள்ளறையிலிருந்து வந்த அலறலில் நிப்றாஸ் மாஸ்டரின் கையிலிருந்த சவரக்கத்தி ஓர் அங்குலம் தவறி நடந்தது. இடப்பக்க மீசை முழுதாக முகம் கழுவும் பேசினில் விழுந்தது.

கணக்குப் படிப்பிக்கிறவர். இரண்டு பக்கமும் சமனாக இருக்க வேண்டும் என்று வலப்பக்கத்தையும் ஓர் இழுப்பில் வழித்துவிட்டு அறைக்கு ஓடினார்.

கட்டிலில் அவருடைய மனைவி பஸ்லியா, பதினொரு நாள் மகளை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தாள்.

"என்ன புள்ள, என்ன நடந்த?"

"இடப்பக்க மார் கல்லு மாதிரிக் கிடக்கு. புள்ள வாய வெச்சாலே உசிரு போகுது." நிமிர்ந்து பார்த்தாள். "உங்கட மீசை எங்க?"

"அத வுடு. எப்ப இரிந்து நோகுது?"

"மூணு நாளா. முந்தாநாளே சென்னன். நீங்க தாள் திருத்திட்டு இரிந்தீங்க. 'ம்' எண்டீங்க."

ம் என்றது மாஸ்டருக்கு நினைவிருந்தது. எதற்கு என்பதுதான் நினைவில்லை.

"மிட்வைப் மிஸ்ஸக் கூப்பிடுங்க. கிளினிக் கார்ட்டுல நம்பர் இரிக்கி."

அந்தச் சனிக்கிழமை அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே புத்தியான வார்த்தை அதுதான். ஆகவே அது நடக்கவில்லை.

முன்னறையில் சாய்கதிரையில் இருந்து வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தார் மாமனார் மக்கீன் ஹாஜியார். சாய்ந்தமருதில் எந்த வீட்டில் புருசன் பெண்சாதி பிணக்கு வந்தாலும் தீர்ப்பு அந்தச் சாய்கதிரையிலிருந்துதான் போகும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஓர் ஆள், தாடிக்கு மருதோன்றி, சட்டைக்கு அத்தர். அதோடு உழைப்பாளி. அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தாலும் பக்கத்து ஊர் நற்பிட்டிமுனையிலுள்ள வயலுக்கு ஒரு நாள் தவறாமல் போய் வருவார்.

நிப்றாஸ் மருத்துவிச்சி நம்பருக்குப் பேசிப் போனை வைத்துவிட்டுச் சொன்னார். "மாமா, நம்மட மிஸ் அவவே புள்ள பெற லீவுல போயிட்டாவாம். நற்பிட்டிமுனை மிஸ்தான் இப்ப நம்மட பக்கத்தையும் பாக்கிறாவாம். வரச் சொல்லட்டா?"

ஹாஜியாருக்குத் தேநீர் புரையேறியது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புள்ள பெத்து நாப்பது நாள் முடியாம வெளி ஆக்கள் அந்த அறைக்குள்ள வரப்படாது. கண்ணூறு" என்றார்.

"மாமா, அவ கவர்மென்ட் மிஸ்."

"கவர்மென்டுக்குக் கண் இல்லியா?"

இந்தக் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பஸ்லியாவின் பெயரில். அதற்குள் நிப்றாஸுக்குச் சொந்தமானவை ஒரு சூட்கேஸும் ஒரு தலையணையும்தான். எனவே கவர்மென்டின் கண்ணைப் பற்றி அவர் மேற்கொண்டு விவாதிக்கவில்லை.

பொறுப்பை மாமியார் சரீபா உம்மா எடுத்துக்கொண்டார். சுடுசோற்றைத் துணியில் பொட்டணமாகக் கட்டி ஒத்தடம் வைத்தார். இரண்டாவது அலறல் முதலாவதைவிட நீளமாக இருந்தது. நோவு இருந்த இடத்தில் நோவு அப்படியே இருக்க, மேலே தோலும் சிவந்து போனது.

"அந்தப் பக்கத்துப் பால் கெட்டுப் போச்சு. ரெண்டு நாளைக்கு அதுல குடுக்காத மகள்" என்று அடுத்த உத்தரவு பிறந்தது.

"குடுக்காம வுட்டா இன்னும் கட்டும்" என்று முன்னறையிலிருந்து ஹாஜியாரின் குரல் வந்தது. "குடிக்கக் குடிக்கத்தான் இளகும். நோகிற பக்கத்தத்தான் முதல்ல குடுக்கணும்."

சரீபா உம்மா எட்டிப் பார்த்தார். மருமகனும் பார்த்தார்.

"பசுமாட்டுக்கு அப்பிடித்தான்" என்று ஹாஜியார் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு முடித்தார்.

"மாட்ட வித்துப் பதினஞ்சு வருசம். இன்னும் ஞாவகம் வெச்சிரிக்காரு பாரு" என்று சரீபா உம்மா மெச்சினார். "ஆனா மாடும் மனிசியும் ஒண்டா? நீ குடுக்காத மகள்."

இடப்பக்கம் நிறுத்தப்பட்டது. பதினொரு மணிக்கெல்லாம் கல்லாகக் கிடந்தது பாறையானது. பிள்ளை வலப்பக்கத்தை மட்டும் குடித்துவிட்டு, மிச்சம் எங்கே என்று அழுதது.

நிப்றாஸ் போனில் தேடினார். முட்டைக்கோஸ் என்கிற கோவாவின் இலையைக் குளிரவைத்து மேலே வைத்தால் வீக்கம் குறையும் என்றிருந்தது. சந்தைக்குப் போய் இரண்டு கிலோவில் ஒரு கோவா வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, லுஹர் தொழப் போனார். திரும்பி வந்தபோது கோவா தேங்காய்ப் பாலில் மஞ்சள் நிறமாகச் சாப்பாட்டு மேசையில் இருந்தது.

"மருமகன் ஆசப்பட்டு வாங்கிட்டு வந்திரிக்காரு" என்று சரீபா உம்மா அள்ளி வைத்தார்.

அதை எதற்கு வாங்கினேன் என்று மாமியாரிடம் எந்தச் சொல்லை வைத்துச் சொல்வது. மாஸ்டர் தட்டை நீட்டினார். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

"நல்ல ருசியா?" என்று உள்ளறையிலிருந்து பஸ்லியா கேட்டாள்.

மாஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். பால் எடுக்கிற பம்பு ஒன்று வாங்குவது என்று முடிவு. கல்முனையில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் உள்ளே நிற்கிறது அவரிடம் கணக்குப் படித்த ஆளாகத்தான் இருக்கும். அதனால் கல்முனையைத் தாண்டி மருதமுனைக்குப் போய், கடையில் ஆள் குறையும் வரை பேபி சோப்புகளை வாசித்துக்கொண்டு நின்றார்.

"என்ன வேணும்?" என்றார் கடைக்காரர் நூஹு.

"அந்தப் பால் எடுக்கிற சாமான்."

"பம்பா? நீங்க சாய்ந்தமருது மக்கீன் ஹாஜியார்ட மருமகன்தானே மாஸ்டர்? வூட்டுலயா?"

"என்ட பொஞ்சாதிக்கு இல்ல" என்றது மாஸ்டரின் வாய், அவரைக் கேட்காமலே. "நண்பர் ஒருத்தர்ட பொஞ்சாதிக்கு."

"நண்பர் வரல்லியா?"

"அவர் கத்தார்ல."

"அப்பிடியா. எப்ப போன?"

"ரெண்டு வருசம் ஆகுது."

"புள்ளைக்கு எத்தின நாள்?"

"பதினொண்டு."

நூஹு பெட்டியை மெதுவாக மேசையில் வைத்தார். இரண்டு வருடத்தையும் பதினொரு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கணக்கு மாஸ்டருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"இடையில லீவுல வந்து போனவர்" என்றார்.

"எந்த மாசம்?"

"அது ஞாவகமில்ல. இடையில."

"ஓம், ஓம். இடையில வாற ஆக்களும் இரிக்காங்கதான்" என்ற நூஹு, மாஸ்டரின் புதிதாக வழித்த மேலுதட்டைப் பார்த்தார். "வாரண்டிக் கார்ட்டுல ஆர்ட பேரப் போட?"

"பேர் ஒண்டும் போடவேணாம்."

மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு அரை மணித்தியாலம். போனில் அவ்வளவு நேரம் எடுக்காது. நூஹுவின் மனைவி றிஸ்னா, சரீபா உம்மாவின் தங்கச்சி மகள். மாஸ்டர் இதைக் கல்யாணத்தன்று கேட்டிருந்தார். அன்றும் 'ம்' என்றிருந்தார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது சூட்கேஸ் வாசற்படியில் நின்றது. அதன் மேல் தலையணை. தலையணை மேல் திருத்தாத தாள்கள்.

"மருமகன், ஆரு அவ?" என்றார் சரீபா உம்மா.

"எந்த அவ?"

"மருதமுனையில புள்ள பெத்து வெச்சிரிக்கிறவ."

ஹாஜியார் சாய்கதிரையில் நிமிர்ந்து, தொப்பியைச் சரிசெய்து, வழக்கைத் தொடங்கினார். "எத்தின நாளாப் போகுது இந்தச் சோலி?"

"மாமா, பம்பு பஸ்லியாவுக்கு."

"மறுகா என்னத்துக்குப் பொஞ்சாதிக்கு இல்ல எண்டு சென்ன?"

"வெக்கத்துல."

"அப்ப கத்தார்ல இரிக்கிறவன் ஆரு?"

"அப்பிடி ஒருத்தரும் இல்ல மாமா."

"கேட்டீங்களா" என்று சரீபா உம்மா அழத் தொடங்கினார். "அந்தப் புள்ளைக்கு வேற வாப்பா இல்லயாம். அவரே சொல்றாரு. மீசையையும் வழிச்சிட்டுப் புது மாப்புள மாதிரி வந்து நிக்காரு. கோவாவ வேற ஆசையாத் திண்டாரு."

சாட்சிப் பொருள் பிரிக்கப்பட்டது. பெட்டிக்குள் ஏழு துண்டுகள் இருந்தன. சரீபா உம்மா ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை. ஹாஜியார் அவற்றை வாங்கிக்கொண்டார். வாய் தீர்ப்புச் சொல்ல, கை ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றோடொன்று பொருத்திப் பூட்டியது. வயலுக்குத் தண்ணீர்ப் பம்பு பூட்டிப் பழகிய கை. சின்ன ரப்பர் வளையத்தைக்கூடத் தவறவிடவில்லை.

"ரெண்டு வூடு வெச்சிரிக்கிறவன் ஒரு வூட்டுக்கும் ஒதவமாட்டான்" என்றார் ஹாஜியார். "ஒரு வூட்டுல சோத்துல கை வெக்கக்குள்ள மத்த வூட்டு ஞாவகம் வரும். போன் அடிச்சா நெஞ்சு அடிக்கும். நிம்மதியா ஒரு கோப்பத் தேத்தண்ணி குடிக்கேலா." இவ்வளவு உருகி அவர் எந்த வழக்கிலும் பேசியதில்லை. சரீபா உம்மாவின் அழுகை கூடியது. நிப்றாஸுக்கே, தான் குற்றம் செய்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது.

உள்ளே பிள்ளை அழுதது. பஸ்லியா மூன்று தரம் கூப்பிட்டாள். வழக்கு மும்முரத்தில் யார் காதிலும் விழவில்லை.

"சூட்கேஸ எடுங்க மருமகன்" என்று ஹாஜியார் முடித்தார். "ஒங்கட உம்மா வூட்டுக்குப் போங்க. மிச்சத்தப் பள்ளிவாசல்ல கதைப்பம்."

கேற்றடியில் ஸ்கூட்டர் ஹோர்ன் அடித்தது.

அறை வாசலில் பஸ்லியா வந்து நின்றாள். முகம் வெளுத்து, ஒரு கையில் பிள்ளை, மறுகை சுவரில். "கேற்றத் தொறங்க. நற்பிட்டிமுனை மிஸ். சுடுசோறு வெச்ச உடனயே நான்தான் கூப்பிட்ட. உங்கட வழக்கு முடியுமட்டும் எனக்கும் புள்ளைக்கும் இரிக்கேலா."

ஹாஜியார் எழுந்தார். "அஸருக்கு நேரமாச்சு" என்றார். சுவரில் மணி இரண்டே முக்கால், அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. தொப்பியைத் தேடினார், அது தலையில் இருந்தது. பின்கதவுக்குப் போனார். ஆடு வரும் என்று சரீபா உம்மா பூட்டுப் போட்டிருந்தார். திரும்பி வந்து, சாய்கதிரையில் விழுந்து, சால்வையைத் தலைக்கு மேலால் இழுத்து மூடிக்கொண்டார்.

"மருமகன் செஞ்ச வேலையில மனிசன் மயங்கிட்டாரு" என்று சரீபா உம்மா விசிறியைத் தேடினார்.

மிட்வைப் ஆகிலா மிஸ் யாரையும் பார்க்காமல் நேரே அறைக்குள் போனார். பஸ்லியாவைச் சாய்ந்து இருக்கவைத்தார், முதுகுக்கு ஒரு தலையணை கேட்டார். நிப்றாஸ் வாசற்படிக்கு ஓடித் தன்னுடையதை எடுத்து வந்து கொடுத்தார்.

"புள்ள நுனியத்தான் சப்புது தங்கச்சி. அதான் நோவு, அதான் பால் இறங்காமக் கட்டியிரிக்கி. வாய நல்லா ஆவெண்டு தொறக்குமட்டும் பொறுங்க. ம், இப்ப. புள்ளட நாடி மார்ல முட்டட்டும்."

பஸ்லியா கண்ணை இறுக்கி மூடினாள். பிறகு திறந்தாள். பிள்ளையின் அழுகை நின்று, மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. மூன்று நாளில் முதல் தடவையாக அவள் தோள் இறங்கியது.

"நோகிற பக்கத்த முதல்ல குடுங்க. அடிக்கடி குடுங்க. சுடுசோறு வேணாம். காய்ச்சல் வந்தாலோ, சிவப்புக் கூடினாலோ பாத்திட்டு இரிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லிக்கொண்டே மிஸ் வெளியே வந்தார். மேசையிலிருந்த பம்பு கண்ணில் பட்டது. "இது இப்ப தேவைப்படாது. ஆனா ஒரு துண்டும் பிழைக்காமப் பூட்டியிரிக்கி. ஆரு பூட்டின?"

சால்வை அசையவில்லை.

"உம்மா" என்று உள்ளேயிருந்து பஸ்லியா கூப்பிட்டாள். "அவருக்கு ஒரு வூட்டுப் பொஞ்சாதி சொல்றதக் கேக்கவே நேரமில்ல. ரெண்டு வூடு எங்க நடத்துற? சூட்கேஸ உள்ளுக்கு எடுங்க."

சரீபா உம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சூட்கேஸைத் தானே தூக்கி வந்தார். "கோவா இன்னும் கொஞ்சம் இரிக்கி மருமகன்" என்றார். அவர் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

நிப்றாஸ் அறை வாசலில் போய் நின்று, "இன்னும் நோகுதா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்" என்றாள் பஸ்லியா. "நீங்க முழுசாக் கேட்டதே பாதி சுகம்."

மிஸ் ஹெல்மட்டைக் கையில் எடுத்தபோதுதான் சரீபா உம்மாவுக்குப் புருசனின் நினைவு வந்தது.

"மிஸ், வந்ததோட வந்தீங்க, இவரையும் ஒருக்காப் பாத்திட்டுப் போங்க. மயங்கிக் கிடக்காரு" என்று, ஹாஜியார் உள்ளேயிருந்து இழுக்க இழுக்க, சால்வையைப் பறித்து எடுத்தார்.

ஆகிலா மிஸ்ஸின் முகம் மலர்ந்தது.

"அட, நம்மட ஹாஜியார். இந்த வூட்டுலயும் உங்களுக்குச் சொந்தமா? நற்பிட்டிமுனையில உங்கட பொஞ்சாதிக்குப் பால் கட்டினது இப்ப சுகந்தானே? நாளையண்டைக்கு மகனுக்கு ரெண்டு மாச ஊசி, மறக்காமக் கூட்டிட்டு வாங்க."