பச்சைக் கிண்ணம் வாபஸ்

டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த சீட்டை, பீங்கான் பாத்திரம் செய்து விற்கும் கிண்ணக்கா மூன்றாவது முறை படித்தாள். ‘பூச்சாடிகளுக்கு மட்டும். உணவுப் பாத்திரங்களில் பூசக் கூடாது.’

போன வாரம் சூளையிலிருந்து எடுத்த பச்சைக் கிண்ணத்துக்கு இந்த டப்பாவில் இருந்த கிளேஸை, அந்தப் பளபளப்புப் பூச்சைத்தான் பூசியிருந்தாள். நல்லவேளை, ஒரே ஒரு கிண்ணம். கெட்டவேளை, அதை வாங்கிப் போனது எதிர்த்தெரு வக்கீலம்மா. “தினம் காலையில கஞ்சி அதுலதான். அப்பாவுக்கு உங்க கிண்ணம்னா உசுரு” என்று நேற்றுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உசுரு என்ற சொல் இப்போது காதில் வேறு மாதிரி ஒலித்தது.

கையில் அப்பியிருந்த களிமண்ணைக்கூடக் கழுவாமல் ஓடினாள். உண்மையைச் சொன்னால் வக்கீலம்மா கேஸ் போட்டுவிடுவாரே! வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள்.

சமையற்காரம்மா கதவைத் திறந்தார். கூடத்தில் வக்கீலம்மாவுக்குப் பக்கத்தில் அவருடைய அப்பா, பெரியவர், மடியில் துண்டை விரித்து, அதில் பச்சைக் கிண்ணத்தைப் பொதிந்து வைத்திருந்தார். கஞ்சியிலிருந்து ஆவி பறந்தது.

“வக்கீலம்மா, அந்தக் கிண்ணத்தைக் குடுங்க. அதுல ஒரு கீறல் இருக்கு. வேற தரேன்.”

சமையற்காரம்மாவின் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது.

வக்கீலம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “கீறலைக் காணோமே?”

“கண்ணுக்குத் தெரியாத கீறல்மா.”

“கண்ணுக்குத் தெரியாதது எதிர்த்தெருவுல இருந்த உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

கிண்ணக்காவுக்கு வியர்த்தது. “பதிலுக்கு ரெண்டு தரேன். சரி, நாலு! ஒரு ஜாடியும் சேர்த்து.”

அதுவே வினையாயிற்று.

“நாலு குடுத்து ஒண்ணை வாங்குறீங்களா?” வக்கீலம்மாவின் கண்கள் இடுங்கின. “இது நீங்க செஞ்சதுதானே?”

“என் கையால செஞ்சதும்மா! கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே சொல்லிருவேன்.”

“அப்பா, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. யாரோ பெரிய விலைக்குக் கேட்டிருக்காங்க. இனிமே மூணு வேளையும் இதுலதான் சாப்பிடுறீங்க.”

“மூணு வேளையுமா!” என்று அலறினாள் கிண்ணக்கா.

பெரியவர் ஸ்பூனை வாயருகே கொண்டுபோனார். கிண்ணக்கா பாய்ந்து கிண்ணத்தைப் பற்றினாள். அவர் ஒரு பக்கம் இழுக்க, அவள் ஒரு பக்கம் இழுக்க, கஞ்சி இருவர் மேலும் பாரபட்சமில்லாமல் கொட்டியது.

“குடிக்காதீங்கய்யா! டப்பா மாறிப்போச்சு. பூச்சாடிக்கு வச்சிருந்ததை இதுல பூசிட்டேன். உடம்புக்கு ஆகாது. கேஸ் போடுங்க, கடையை மூடுங்க, இதுல மட்டும் குடிக்காதீங்க!”

பெரியவர் வெளுத்துப்போய் வயிற்றைத் தடவிக்கொண்டார். ஒரு வாரக் கஞ்சி! வக்கீலம்மா போனை எடுத்து டாக்டர் நம்பரைத் தேடினார். டாக்டருக்கு அடுத்து யாருக்குப் பேசப் போகிறாரோ என்று நினைத்த கிண்ணக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுவரோடு சுவராக ஒட்டி நின்ற சமையற்காரம்மா, கைத்துண்டைத் திருகிக்கொண்டே முன்னால் வந்தார்.

“டாக்டரெல்லாம் வேணாம்மா... அக்கா செஞ்ச கிண்ணம் வந்த அன்னிக்கே என் கை தவறி உடைஞ்சு போச்சு, இது பிளாட்பாரத்துல நான் வாங்கிட்டு வந்து வச்சது.”