வலையில் விழுந்தது எந்தப் பன்னி?

மாப்பிள்ளை காளிதாசுக்கு, நயினார்கோவிலிலிருந்து மாமனார் பொன்னுச்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. வழக்கமாக ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்குவேன். இந்தத் தடவை ஆவல் மட்டும்தான். போனிலேயே சொல்லியிருப்பேன், உங்கள் அத்தை ராமலெட்சுமி, “நீங்க போன்ல பேசிக் கிழிச்சது போதும்” என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கடலைக் கொல்லைகளை உழுதுபோடுகிற காட்டுப்பன்னிக்கு ஊரே சேர்ந்து வலை கட்டியதில், என் கொல்லையில் ஒன்று விழுந்தது. அடித்தால் கேஸாகுமோ என்று பயந்து, தொண்டியில் உங்கள் வனத்துறை ஆபீசுக்குப் போன் போட்டேன். நீங்கள் கடலுக்குப் போயிருந்தீர்களாம், யாரோ ஒரு தம்பி எடுத்தார். “வலையில பன்னி மாட்டிக்கிருச்சு தம்பி, என்ன செய்ய?” என்றேன். “அய்யய்யோ, அடிச்சிராதீங்கண்ணே! வலைய அறுத்து விட்ருங்க. அதுவரைக்கும் ஈரச்சாக்கப் போட்டுத் தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க” என்று பதறினார். சர்க்கார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மோட்டாரைப் போட்டுப் பன்னியைக் குளிப்பாட்டி, வலையை அறுத்துவிட்டேன். அது பக்கத்துக் கொல்லை ராக்கப்பனின் கடலையையும் துவம்சம் செய்துவிட்டுத்தான் போனது.

தொண்டியிலிருந்து மீன் கொண்டுவரும் பாக்கர் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “எங்க பக்கம் பன்னின்னா கடல்பசுவுல்லண்ணே!” ஏன் மாப்பிள்ளை, பசு என்று நல்ல பேர் இருக்கையில் அதற்குப் பன்னிப் பட்டம் எதற்கு? அது பாவம், கடலுக்குள் புல்லைத் தின்று, சில வருசத்துக்கு ஒரு குட்டி போட்டு, அருகிக்கொண்டே வருகிறது. அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். எங்கள் பன்னி ஒரே ஈத்தில் அரை டஜன் போட்டுப் பெருகிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் சட்டம் இருக்கிறதாம், கடலைக்குத்தான் ஒன்றும் இல்லை.

“ஏலே பொன்னுச்சாமி, பன்னிக்குச் சோப்புப் போட்டியா?” என்று டீக்கடையில் கேட்கிறார்கள். அதைக்கூடப் பொறுப்பேன். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் என்னை நிற்கவைத்துக் கேட்கப்போகிறார்களாம். தலைநிமிர்ந்து நடந்தவன் மாப்பிள்ளை, அவமானமாக இருக்கிறது. நீங்கள் யூனிபாரத்தோடு வந்து, ‘மாமா செய்தது ஆபீஸ் உத்தரவு’ என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

உங்களுக்கும் மகள் யுவராணிக்கும் நாகநாதர் ஒரு குறையும் வைக்கமாட்டார்.

இப்படிக்கு,
பொன்னுச்சாமி

பி.கு: வரவேண்டாம். இன்று காலை வலையில் ஒரு தாய்ப்பன்னி. முதுகில் கோடு போட்ட குட்டிகள் சுற்றி நின்று கத்தின. அக்கம்பக்கம் பார்த்தேன், ஆள் இல்லை. வலையை அறுத்துவிட்டேன். இந்தத் தடவை எந்த ஆபீசும் சொல்லவில்லை மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை நானே நின்று வாங்கிக்கொள்கிறேன். அத்தைக்கு மட்டும் தெரியவேண்டாம்.