தெருக் கண்காணிப்பாளரின் முதல் புகார்

இந்தத் தெருவைத் திருத்தாமல் ஓய்வதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். தெருவுக்கு ஒரு கண்காணிப்பாளர் வேண்டும், குறைகளை மக்களே பார்த்துச் சொல்லலாம் என்று நகராட்சி அறிவித்தது. எங்கள் தெருவுக்கு நான்தான். வேறு யாருமே மனுப் போடவில்லை என்பதை என் மனைவி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

என் வயிற்றெரிச்சலெல்லாம் எதிர்வீட்டுக் காண்டிராக்டர் மேல். மாசக்கணக்காக மணலை நடுத்தெருவில் கொட்டி வைத்திருக்கிறார். தெரு என்ன, அவர் அப்பன் வீட்டுச் சொத்தா? கேட்டால், "உங்க கார் மட்டும் நிக்கலாமா?" என்கிறார். என்ன திமிர். மணலும் என் காரும் ஒன்றா?

என் கார் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. இப்போது ஓடாது, அவ்வளவுதான். வாசலை ஒட்டித் தெருவோரமாக உறை போட்டு நிறுத்தி, தினமும் துடைக்கிறேன். மனைவி அதை 'மூத்தாள்' என்பாள். "மூத்தாளைக் குளிப்பாட்டியாச்சா? இளையாளுக்குக் கொஞ்சம் காய் வாங்கிட்டு வரீங்களா?" விற்றுத் தொலையுங்கள் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

தெருவே கையெழுத்துப் போட்ட புகார் என்றால் நகராட்சி உடனே ஆள் அனுப்பும். எங்கள் வீட்டிலேயே கூட்டம் போட்டேன். 'தெருவில் கொட்டிய மணலை அகற்றவும்' என்று எழுதிக்கொண்டிருந்தபோது, டீ கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மணல்னு மட்டும் எழுதினா எப்படிங்க? நாளைக்குச் செங்கல்லை இறக்குவார்."

"ஆமால்ல."

"மாசக்கணக்கா அசையாம தெருவுல கிடக்கிறது எதுவா இருந்தாலும் தூக்கணும்னு போடுங்க. அப்புறம் எப்படித் தப்பிப்பார்?"

"பாத்தீங்களா, என்கூட இருந்து இருந்து இவளுக்கும் மூளை வந்துடுச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். கையெழுத்து மடமடவென்று விழுந்தது. காண்டிராக்டரே போட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

மறுநாள் லாரி வந்தது. மணலைக் காணோம். காண்டிராக்டர் விடிந்ததும் வாரி உள்ளே போட்டுவிட்டார். வந்த ஆட்கள் நேரே என் காரின் உறையை உருவினார்கள்.

"யோவ், அது என் காரு."

"புகார் வந்திருக்கு சார்."

"எவன் குடுத்தான்?"

"இந்தத் தெருக் கண்காணிப்பாளர்."

"அது நான்தான்யா."

"அப்படியா? உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா ஊரு உருப்பட்டுடும் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"இது ஓடுற காருய்யா."

"ஓட்டிக் காட்டுங்க, விட்டுடறோம்."

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கெஞ்சினேன். திட்டினேன். ஒரு இருமல்கூட வரவில்லை. தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. இந்த நன்றிகெட்ட ஜனங்களுக்காகவா நான் கண்காணிக்கக் கிளம்பினேன்?

கார் சங்கிலியில் தொங்கிக்கொண்டு தெருமுனை திரும்பியது. உள்ளே போய் மனைவி மேல் பாய்ந்தேன்.

"எல்லாம் உன் வேலைதானே?"

"நான் என்னங்க பண்ணேன்? இத்தனை வருஷமா நான் சொன்னேன், வீட்டுல ஒருத்தர் கேக்கல. நீங்க ஒரே தடவை சொன்னீங்க, நகராட்சியே கேட்டுடுச்சு."