பினாங்கு மாலை மேலே போன கதை

திருப்பி அனுப்புவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. தமிழாசிரியராக இருந்த காலம் முழுக்க மாணவர்களின் கட்டுரை நோட்டுகளைச் சிவப்பு மையில் குளிப்பாட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீடு தேடி வந்த கல்யாணப் பத்திரிகைகளையும் பிழை திருத்தி, கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்துவிட்டவன் நான். (அதில் இரண்டு வீட்டார் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.) ஆகவே மருமகள் செல்வி, "கடைக்கு ரிட்டர்ன் பாக்க ஒரு ஆள் வேணும்" என்று சொன்னபோது, இந்த வேலைக்கென்றே பிறந்தவன் போல முன்னால் போய் நின்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தை நான் மதித்திருக்க வேண்டும்.

செல்வி இணையத்தில் ஏலக்காய் மாலை விற்கிறாள். தேர்ந்தெடுத்த பச்சைக் காயை மணியும் ஜரிகையும் வைத்துக் கோத்த மாலை. வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் கல்யாணத்துக்கு வாங்குகிறார்கள். போடியில் எங்கள் வீட்டு மாடியில் நான்கைந்து பெண்கள் உட்கார்ந்து கோப்பார்கள். காய் வருவது செல்வியின் அப்பாவுடைய தோட்டத்திலிருந்து. என் சம்பந்தியான அவர், போடிமெட்டைத் தாண்டி கேரளத்துச் சரிவில் இருக்கிறார்.

ரிட்டர்ன் வேலை நான் நினைத்தது போல் இல்லை. துபாயிலிருந்து ஒருவர், காய் இவ்வளவு பச்சையாக இருக்கிறதே, சாயமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். கனடாவிலிருந்து வந்த ஒரு மாலையில் பாதிக் காயைக் காணவில்லை. டீயில் போட்டுக் குடித்துவிட்டு, அளவு சரியில்லை என்று எழுதியிருந்தார்கள். பெட்டியின் மேல் "திரும்பி வரும் சரக்கு" என்று தெளிவாக எழுதாவிட்டால், சுங்கத்தில் புதிதாக இறக்குமதி செய்த சரக்கென்று வரி போட்டுவிடுவார்கள். அதை வாடிக்கையாளர்களுக்கு விளக்கி நான் எழுதிய மின்னஞ்சலுக்கு லண்டன் அம்மையார் ஒருவர், "ஐயா, எளிய தமிழில் அனுப்ப முடியுமா?" என்று பதில் போட்டார். செல்வி அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பினாங்கிலிருந்து ஒரு பெட்டி வரப்போவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை எதிர்பார்த்ததை விட ஆஜானுபாகுவாக இருந்ததால் ஜோடி மாலையை நீளமாக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கல்யாணம் நெருங்கிவிட்டது. பெட்டி வந்த அன்று செல்வி மதுரைக்குப் போயிருந்தாள். பஸ்சிலிருந்து போன் செய்தாள். பின்னால் ஏதோ பாட்டு அலறியது.

"மாமா, பினாங்கு ரிட்டர்ன் வந்துருச்சா?"

"இப்பத்தாம்மா வந்துச்சு."

"வந்த கையோட மேல அனுப்பிருங்க. நாளைக்கே வேலைய முடிச்சு கூரியர்ல போடணும்."

இங்கே எங்கள் ஊர்க்காரர்களின் மூளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். போடிக்காரனுக்கு "மேலே" என்றால் மலை. விடிந்ததும் ஜீப்புக்காரர்கள் "மேல, மேல, மேல" என்று கூவித்தான் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறார்கள். "அண்ணன் எங்க?" "மேல போயிருக்காரு" என்றால் அண்ணன் ஏலத் தோட்டத்தில் இருக்கிறார் என்று பொருள். சரக்கு சரியில்லை என்றால் அது விளைந்த இடத்துக்குத்தானே திரும்ப வேண்டும்? ரிட்டர்ன் என்ற சொல்லுக்கு அதுதானே பொருள்? இப்படி எனக்கு நானே இலக்கணம் எழுதிக்கொண்டு, பெட்டியைப் பிரிக்காமலே குமரேசன் ஜீப்பில் ஏற்றி, "சம்பந்தி கையில நேரா குடுத்துரு" என்று சொல்லி அனுப்பினேன். வெரசாக வேலையை முடித்த திருப்தியில் ஒரு டீயும் குடித்தேன்.

மதியம் செல்வி வந்தாள். நேராக மாடிக்குப் போனாள். படிக்கட்டின் உச்சியிலிருந்து குரல் வந்தது.

"மாமா, பெட்டி எங்க?"

"மேல அனுப்பிட்டேம்மா."

"நான் மேலதான் நிக்கிறேன். இங்க இல்லியே."

"காலையிலேயே அனுப்பிட்டேனே. இந்நேரம் போய்ச் சேந்துருக்கணும்."

"கீழயிருந்து மேல வர்றதுக்கு எதுக்கு மாமா இவ்வளவு நேரம்?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? அத்தனை கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல?"

கைப்பிடிச் சுவருக்கு மேல் செல்வியின் முகம் மெதுவாக எட்டிப் பார்த்தது.

"எந்த மேல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செல்வி மலையில் பிறந்தவள். பிறந்த இடத்தை யாரும் மேலே என்று சொல்வதில்லை. அவளுக்கு அது "வீடு". அவள் அகராதியில் மேலே என்றால் எங்கள் வீட்டு மாடி. நான்தான் மாடியை மாடி என்று சொல்லும் ஒரே ஆள்.

அவள் கோபப்படவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மாமா, அந்தப் பெட்டியில ஒரு பட்டுத் துண்டு இருக்கு. கல்யாணப் பொண்ணுக்கு அம்மா இல்ல, தவறிட்டாங்க. அவங்க கல்யாணச் சேலையில இருந்து வெட்டி அனுப்பிருக்காங்க. மாலையோட குஞ்சத்துல வச்சுக் கட்டணும்னு அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே கேட்டுச்சு. மாலை போனா வேற கட்டிரலாம். அந்தத் துணிக்கு நான் எங்க போவேன்?"

சம்பந்திக்குப் போன் போட்டோம். மலையில் சிக்னல் இல்லை. அடுத்த ஜீப்பில் நானே ஏறினேன். தோட்டத்துப் பெண்களுக்கு நடுவே, ஒரு கத்தரிக்காய் மூட்டை மேல் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பொய்யைத் தயார் செய்து, அடுத்த வளைவில் அதைக் கைவிட்டேன்.

தோட்டத்தை நெருங்கும்போதே குலவைச் சத்தம் கேட்டது.

வாசலில் சம்பந்தியும் அவர் மனைவியும் ஜோடியாக நின்றார்கள். இருவர் கழுத்திலும் பினாங்கு மாலை. சம்பந்தியின் தோளில், குளித்துவிட்டு வந்தவர் துண்டு போட்டது போல, அரக்குப் பட்டுத் துண்டு. வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கூடி நின்று குலவை போட, மேஸ்திரி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சம்பந்தி!" என்று ஓடி வந்து என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "இத்தன வருசங் கழிச்சு ஞாபகம் வச்சு அனுப்பிருக்கீங்களே! நம்ம புள்ளைக கல்யாணத்தன்னிக்கு நான் கழுத்த நீட்டிக்கிட்டு நின்னேன். நீங்க மாலையக் கையில வச்சுக்கிட்டே, பேனர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னு பந்தல்காரனத் தேடிப் போயிட்டீங்க. எங்க சாதிசனம் பூரா பாத்துச்சு. நான் இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறந்து கேக்கல."

(அந்த எழுத்து "ப்". "வரவேற்ப்பு" என்று இரண்டு போட்டிருந்தார்கள். விட்டுப்போகவில்லை, கூடிப்போயிருந்தது. இதை அந்த நேரத்தில் சொல்லாமல் அடக்கினேன் என்பதை யாராவது என் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.)

"பொன்னாடதான் கொஞ்சம் சின்னதாப் போச்சு" என்றார் சம்பந்தி அம்மா.

"வாத்தியாரு வீட்டுப் பொன்னாட அம்புட்டுத்தான்" என்று அவர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

பேசாமல் டீயைக் குடித்துவிட்டு இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், ஒளிக்கவில்லை. ஆனால் அவர் பேசப் பேச அந்தப் பட்டு தோளிலிருந்து நழுவி மண்ணில் விழப் பார்த்தது. தாவிப் பிடித்தேன்.

"சம்பந்தி, மன்னிச்சுக்கங்க. இது உங்களுக்கு அனுப்புனது இல்ல."

முழுவதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். குலவை போட்ட பெண்கள் ஒவ்வொருவராக நழுவிப் போனார்கள். அவர் மாலையைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

சம்பந்தி அம்மாதான் பட்டை என் கையிலிருந்து வாங்கி, தூசி தட்டி, நான்காக மடித்தார். "தாயில்லாப் புள்ள காத்துக்கிட்டு இருக்கும்ல. இவுக மொகம் வாடுனத அப்புறமாப் பாத்துக்கலாம்" என்றார்.

அது அவரை அசைத்தது. "நாங்க போட்ட மாலையப் பொண்ணு கழுத்துல எப்படிப் போடுறது? புதுசாத்தான் கட்டணும். அதுக்குக் காய் வச்சிருக்காளா எம் மக?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய், ஏலத்தில் விற்க எடுத்து வைத்திருந்த முதல்தரக் காயை ஒரு மூட்டை தூக்கி வந்தார். மாலை கழுத்தில் கிடக்க, அப்படியே ஜீப்பில் ஏறினார். சம்பந்தி அம்மாவும் ஏறினார். வளைவுக்கு வளைவு எதிரே வந்த ஜீப்புக்காரர்கள் நிறுத்தி, "அண்ணே, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்கள்.

"எனக்குத்தான்டா!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

மாடியில் சம்பந்தி அம்மாவும் உட்கார்ந்து கோத்தார். நடந்ததைப் பினாங்குக்குச் சொல்ல வேண்டாமே என்று நான் செல்வியிடம் கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை, எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். புது மாலை உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. கல்யாணப் படத்தில் அந்தப் பெண் குஞ்சத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நிற்கிறாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் "மேலே" என்ற சொல்லை யாரும் தனியாக விடுவதில்லை. என் பழைய சக ஆசிரியர் ஒருவர் போன் செய்தபோது பேத்தி மட்டும் மறந்துபோய், "தாத்தா மேல போயிட்டாரு" என்று சொல்ல, அந்த மனிதர் அழத் தொடங்கிவிட்டார். "அய்யோ, மாடிக்கு! மாடிக்கு!" என்று செல்வி போனைப் பிடுங்கிக் கத்தினாள். இரண்டு நாள் சிரித்தார்கள்.

சம்பந்தி அந்த ஜோடி மாலையைத் திருப்பித் தரவில்லை. கண்ணாடிப் பெட்டி செய்து நடு வீட்டில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்கிறார்.

"பினாங்குக்குப் போக வேண்டிய மாலை இது. எங்க சம்பந்தி பாத்தாரு. இது என் சம்பந்தி கழுத்துக்குல்ல பொருத்தம்னு, பாதி வழியில மறிச்சு மலைக்குத் திருப்பி விட்டுட்டாரு!"

முதல் முறை கேட்டபோது மறுக்க வாய் திறந்தேன். செல்வி என் காலை மிதித்தாள். போன மாதம் அங்கே வந்திருந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர், கதையைக் கேட்டு முடித்ததும் எழுந்து வந்து, "சம்பந்தின்னா இப்படி இருக்கணும் சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் குலுக்க விட்டேன்.