ஆறு சிலிண்டருக்கு மூணு மூட்டை

மரக்கடைக்காரருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று காலை இரண்டு காதும் சிவந்திருந்தன. எதிர்வீட்டு ஓவர்சீயர் அவருடைய காரைப் பார்த்து, "பேப்பர்ல மட்டும் ஓடுற வண்டி" என்று சொல்லிவிட்டார்.

காரின் பெயர் கப்பல். வயதில் மரக்கடைக்காரரைவிட மூத்தது. ஓவர்சீயரின் காருக்கு ஆமை என்று பெயர்.

"ஆறு சிலிண்டர் சார். நூறு குதிரை. உங்க ஆமைக்கு நாலே சிலிண்டர், நாப்பது குதிரை. அதுலயும் பாதி நொண்டி."

"நூறு குதிரைக்கும் தீனி போட்டே உங்க சொத்து அழியப்போகுது. என் ஆமை லிட்டருக்குப் பதினாலு கொடுக்கும்."

"கொடுக்கும், கொடுக்கும். நீங்க எறங்கித் தள்ளுனா பதினஞ்சுகூடக் கொடுக்கும்."

தினமும் நடக்கிற சண்டைதான். அன்றைக்கு மரக்கடைக்காரரின் வீட்டுக்காரி குறுக்கே வந்தாள். கப்பலுக்கென்று அவர் வாங்கிக் குவித்த பழைய உதிரிபாகங்கள் வீட்டில் ஓர் அறையையே விழுங்கியிருந்தன. அங்கே தையல் மிஷின் போடணும் என்று அவள் கேட்பதும், "அதுல கை வெச்சா தெரியும்" என்று அவர் கத்துவதும் வருஷக்கணக்கான வழக்கு.

"ஏங்க வாயாலயே வண்டி ஓட்டுறீங்க? பாரம் ஏத்தி ஓட்டிப் பாருங்க. ஆளுக்கு மூணு மூட்டை, ஒரே எடை. நானே கட்டித் தரேன், நீங்க கட்டினா அவரு ஒத்துக்க மாட்டாரு. மேட்டுக்கு அந்தப் பக்கம் பழைய இரும்புக் கடையில பெரிய தராசு இருக்கு. அங்க போய் நிறுத்துட்டா ஒருத்தர் மேல ஒருத்தர் பழி சொல்ல முடியாது."

நியாயமாகத்தான் பட்டது.

"மூட்டையில என்ன?"

"வேண்டாத இரும்பு."

மரக்கடைக்காரருக்கு வேண்டாத இரும்பு என்று உலகத்திலேயே ஒன்று கிடையாது. அது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

கப்பல் புகையைக் கக்கிக்கொண்டு மேட்டில் ஏறியது. வீட்டுக்காரியை நடுவராக ஏற்றிக்கொண்டு ஆமை பின்னால் இருமியது. இரும்புக் கடை வாசலில் கப்பல்தான் முதல். மூட்டைகளை அவரே இறக்கினார். தோற்றவருடைய மூட்டைகளையும் பெருந்தன்மையாக அவரே இறக்கினார். எடை சரியாக இருந்தது.

இரும்புக்காரர் மூட்டையைத் தட்டிப் பார்த்து வீட்டுக்காரியிடம் ஒரு விலை சொன்னார். மரக்கடைக்காரரின் காது சிவந்தது.

"யோவ், பொம்பளன்னா ஏமாத்திரலாமா? தட்டி, அந்தச் சத்தத்தைக் கேளு. அந்தக் காலத்து இரும்புய்யா. இப்ப தேடினாலும் கெடைக்காது."

"சரிண்ணே, கொஞ்சம் கூடப் போட்டுத் தரேன்."

"கொஞ்சமா? ரெண்டு மடங்கு. இல்லன்னா மூட்டை திரும்பப் போகும்."

இரும்புக்காரர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார்.

"கையக் கொடு. பேசின பேச்சு மாறக் கூடாது. மாறுறவன் வியாபாரியே இல்ல."

கை குலுக்கியதும் இரும்புக்காரர் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். கப்பலின் கார்புரேட்டர் ஒன்று உருண்டு வந்து மரக்கடைக்காரரின் காலடியில் நின்றது. அதன் தம்பிகள் மூவரும் பின்னாலேயே வந்தார்கள்.

அவர் வாயைத் திறந்தார். தான் பேசிய பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

"பவர் பாத்தாச்சு," என்றாள் வீட்டுக்காரி. "மைலேஜ் பாக்க வேண்டாமா? அறையில இன்னும் ஆறு மூட்டை இருக்குதுங்க, ஆளுக்கு மூணு."

ஓவர்சீயர் அதற்குள் ஆமையை வீட்டுப் பக்கம் திருப்பி, ஹாரனையும் அடித்துவிட்டார்.

மரக்கடைக்காரர் கார்புரேட்டரைப் பார்த்தார். ஆமையைப் பார்த்தார். ஓடிப்போய்க் கப்பலில் ஏறினார்.