கோழி உள்ள வண்டிதான் வேண்டும்

அந்தச் சனிக்கிழமை காலை ஆர்வில் புரூசாவின் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: மகளுக்கு முதல் வண்டி பார்க்க வந்த லைல் வாண்ட்ரா. போன வாரம் பதினாறு வயது முடிந்து ஓட்டுநர் உரிமம் வாங்கியிருந்த மகள் ஜோசி. முட்டை வியாபாரத்தை மூடிவிட்டு டிரக்கை விற்க உட்கார்ந்திருந்த ஆர்வில். டிரக்கின் தலைமேல் ஒரு கோழி.

கோழி ஃபைபரில் செய்தது. பள்ளிக்கூடப் பிள்ளை உயரம் இருக்கும். கழுத்துக்குள் ஸ்பிரிங். பிரேக் பிடித்தால் தலையை மேலும் கீழும் ஆட்டும். பள்ளத்தில் இறங்கினால் ஆட்டுவதை நிறுத்தவே நிறுத்தாது.

லைலின் மனைவி நோரீன் வரவில்லை. "உனக்கு எது பிடிக்குதோ அத எடுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னதே இல்லை. லைல் அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

"அப்பா, கோழிப்பா," என்றாள் ஜோசி.

"தெரியுது."

"இதுல நான் ஸ்கூலுக்குப் போகணுமா?"

லைல் ஆர்வில் பக்கம் திரும்பினான். "எஞ்சின் எப்படி?"

"என் முழங்காலவிட நல்லாருக்கு."

"பிரேக்?"

"பிடிச்சுப் பாரு. கோழி சொல்லும்."

லைல் குனிந்து வண்டிக்கடியில் துரு தேடினான். பிறகு நாலு டயரையும் உதைத்தான். டயரை உதைப்பதால் ஒன்றும் தெரியவராது. ஆனால் நெப்ராஸ்காவில் டயரை உதைக்காமல் யாரும் பழைய டிரக் வாங்கியதில்லை.

"இந்தக் கோழியக் கழட்ட முடியாதா?" என்றாள் ஜோசி.

"முடியாதும்மா. வெல்டிங் பண்ணியிருக்கு. கழட்டணும்னா கூரையோட வெட்டணும்."

லைல் ஏணி கேட்டு ஏறிப் பார்த்தான். கோழியின் காலடியில் இரும்புச் சட்டம் நன்றாகப் பிடித்திருந்தது. கோழி பழசு, வெல்டிங் புதுசு.

"அருமையான வெல்டிங். யாரு பண்ணது?"

"தெரிஞ்ச பிள்ள ஒண்ணு," என்றார் ஆர்வில்.

ஜோசி சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். மணிக்கட்டில் இருந்த சின்னத் தீக்காயம், பாப்கார்ன் பொரிக்கும்போது பட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

லைலுக்குக் கோழி வேண்டியிருந்தது. காரணம் ஜோசிதான். புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவள் பள்ளிக்கூடம் விட்டு இருட்டும் நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருகிறாள். எங்கே போகிறாள்? தோழி வீட்டுக்கு என்றாள். தோழியின் அம்மாவோ, வாரக்கணக்காக அவள் முகத்தையே பார்க்கவில்லை என்றாள். லைல் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தான். மளிகைக் கடையில் விசாரித்தான். கூடைப்பந்துப் பயிற்சியாளரை வழி மறித்துக் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. இப்போது அவளுக்கு வண்டியும் வந்துவிட்டால் அவ்வளவுதான்.

அவர்களுடைய டார்னெல் ஊரில் ஆளை யாரும் முகத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை. வண்டியை வைத்துத்தான். எந்த வண்டி எந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றது என்பது வண்டிக்காரன் வீடு திரும்பும் முன்பே வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

"ஏன்ப்பா, ஒரு சாதாரண வண்டி வாங்கித் தந்தா என்ன? உங்க வண்டி மாதிரி?"

"என் வண்டி சாம்பல் கலர். ஊர்ல பாதிப் பேரு சாம்பல் கலர்தான் வச்சிருக்கான். அதுல எங்க வேணாலும் போலாம், எவனுக்கும் தெரியாது. நான் அனுபவத்துல..." லைல் நிறுத்திக்கொண்டான். "பொதுவா சொல்றேன்."

"ஓ," என்றாள் ஜோசி.

வழக்கமாக அவள் ஜெயிக்கும்வரை வாதாடுகிறவள். அன்று மூன்று தடவையோடு விட்டுவிட்டாள். பிள்ளை பக்குவப்பட்டுவிட்டது என்று லைல் நினைத்தான்.

"முதல்ல ஓட்டிப் பாரு. காசெல்லாம் அப்புறம்," என்று ஆர்வில் சாவியைத் தூக்கிப் போட்டார்.

லைல் மகளிடம் திட்டத்தைச் சொன்னான். "நீ என் வண்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போ. போன் பக்கத்துல உக்காரு. நான் ஊர ஒரு சுத்து சுத்தி வர்றேன். கோழியப் பாத்துட்டு எத்தன பேரு கூப்பிடுறாங்கன்னு பாப்போம்."

"சரிப்பா."

அவள் சாம்பல் நிற வண்டியிலிருந்து அவனுடைய தூண்டில், தொப்பி, தார்ப்பாய் எல்லாவற்றையும் எடுத்துக் கோழி வண்டியில் வைத்தாள். "வழில தேவைப்படும்," என்றாள். பிறகு சாம்பல் வண்டியில் ஏறி இருக்கையை முன்னால் இழுத்தாள். மூன்று கண்ணாடிகளையும் திருப்பினாள். வானொலியை வேறு நிலையத்துக்கு மாற்றினாள். பத்து நிமிட ஓட்டத்துக்கு இவ்வளவு ஏற்பாடா என்று லைலுக்குத் தோன்றியது. சின்னப் பிள்ளைகள் அப்படித்தான்.

கோழி வண்டி நன்றாக ஓடியது. எதிரே வந்த ஒவ்வொரு டிரக்கிலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரல் எழுந்தது. அதுதான் அங்கே வணக்கம். லைலும் விரலைத் தூக்கினான். கோழி தலையாட்டியது. வங்கி, நூலகம், தேவாலயம் என்று எங்கே போனாலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். லைலுக்குப் பெருமை தாங்கவில்லை. இதில் போய் எந்தப் பெண் எவனைச் சந்திக்க முடியும்?

ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி கழித்துக் கிளப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு எங்காவது வண்டியை நிறுத்தியாக வேண்டும். எங்கே நிறுத்துவது என்று லைல் அதிகம் யோசிக்கவில்லை. வண்டி மேவிஸ் கடைக்குப் போனது.

மேவிஸ் கடையில் பொரித்த கோழி பிரமாதமாக இருக்கும். பிப்ரவரியில் லைலின் நெஞ்சில் அடைத்திருந்த ரத்தக் குழாயைத் திறந்துவிட்ட டாக்டர், எண்ணெயில் பொரித்தது இனிமேல் ஆகாது என்று சொல்லியிருந்தார். நோரீன் அன்றிலிருந்து வேகவைத்த காய்தான் போடுகிறாள். அந்தக் கடைப் பக்கமே போவதில்லை என்று லைல் அவளிடம் சத்தியம் செய்திருந்தான். ஆர்வில் டிரக் விற்கிறார் என்ற அறிவிப்பு ஒட்டியிருந்தது மேவிஸ் கடைக் கதவில்தான். ஒட்டிய அன்றைக்கே லைல் அதைப் பார்த்துவிட்டான்.

வண்டியைக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். இறங்கிப் பார்த்தால் கடைக் கூரைக்கு மேலே கோழித் தலை தெரிந்தது. தார்ப்பாயை எடுத்துக் கோழிமேல் போட்டுக் கட்டினான். ஜோசி முன்யோசனைக்காரி.

"வழக்கம்போலவா?" என்றாள் மேவிஸ்.

"மெதுவாப் பேசு."

முதல் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே கத்தல் கேட்டது. தெருவின் அந்தப் பக்கம் யூனிஸ் பாட்டர் நின்றிருந்தாள். முழு ஊருக்கும் கேட்கிற குரல் அவளுடையது.

"ஆர்வில்! மேல என்ன பண்ற? எழுவது வயசுல கூரைல ஏறி உக்காந்திருக்கியா? இறங்கு!"

காற்றில் தார்ப்பாய் அசைந்தது. கூரைக்குப் பின்னால் ஒரு கிழவர் போர்வை போர்த்திக் குனிந்து உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

"பேசமாட்டேங்குறான்! யாராவது வாங்களேன்!"

ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் ஏணி எடுத்து வந்தார். லைல் கையில் கோழிக்காலுடன் பின்பக்கம் ஓடி அவசரமாகத் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தான். கயிறு அறுந்தது. கோழி வெளிப்பட்டு எல்லோரையும் பார்த்துத் தலையாட்டியது.

ஏணிக்காரர் ஏணியைக் கீழே போட்டார். பிறகு எல்லோரும் திரும்பி அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள்.

தொல்லை விட்டது என்று லைல் உள்ளே வந்து உட்கார்ந்தான். இரண்டாவது காலை எடுத்தான்.

கோழி வண்டி ஓரிடத்தில் நின்றால் அங்கே முட்டை விற்பனை என்று அர்த்தம். அந்த ஊரில் அது எத்தனையோ வருடப் பழக்கம். ஆர்வில் வியாபாரத்தை மூடியதிலிருந்து மக்கள் நல்ல முட்டைக்கு ஏங்கிக் கிடந்தார்கள். லைல் தலையைத் தூக்கியபோது ஜன்னல் முழுக்க முகங்கள். ஒவ்வொருவர் கையிலும் காலி முட்டை அட்டை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அவன் வாயையும் கையில் இருந்ததையும் பார்த்தார்கள்.

யூனிஸ் போனைக் காதில் வைத்திருந்தாள். கண்ணாடியைத் தாண்டித் தெளிவாகவே கேட்டது.

"ஏடி நோரீன், கோழி மேவிஸ் கடைல நிக்குதுடி. உம்புருஷன் உள்ள உக்காந்து காலக் கடிச்சுட்டிருக்கான். ரெண்டாவது. முட்ட இருக்கான்னு நீயே அவங்கிட்ட கேட்டுச் சொல்லு. நான் கேட்டா முழிக்கிறான்."

லைல் பின்வாசல் வழியாக வண்டிக்கு ஓடினான். சூடான எஞ்சின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. சோதனையில் வண்டி தேறிவிட்டது. தெருமுனை திரும்புவதற்குள் போன் அடித்தது. ஜோசி.

"அப்பா! செம திட்டம்பா! போன் கீழ வைக்க முடியல. வங்கிலேருந்து, லைப்ரரிலேருந்து, பாஸ்டர் வீட்லேருந்து, எல்லாரும் கூப்பிட்டாங்க. மேவிஸ் கடைலேருந்து மட்டும் நாலு பேரு."

"அம்மா எங்க?"

"பக்கத்துலதான். கேரட் நறுக்குறாங்க."

"என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் வேகமா நறுக்குறாங்க."

லைல் வண்டியை ஆர்வில் வீட்டுக்கு விரட்டினான். வழியில் எல்லாரும் விரலைத் தூக்கினார்கள். அவன் தூக்கவில்லை. கோழி மட்டும் மரியாதை தவறாமல் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தது.

ஆர்வில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தார். எதிர்பார்த்து நின்றது போல இருந்தது.

"இந்த வண்டி வேண்டாம்," என்றான் லைல்.

"ஏன்ப்பா? பிரேக் சரியில்லையா?"

"பிரேக் நல்லாருக்கு. எல்லாம் நல்லாருக்கு. கோழி வேண்டாம். ஒரு பொண்ணு, பதினாறு வயசு. அது எங்க போகுது, எங்க நிக்குதுன்னு ஊரே பாக்கலாமா? மனுஷன்னா ஒரு மறைவு வேண்டாமா?"

"காலைல வேற மாதிரி சொன்ன."

"காலைல எனக்கு விவரம் பத்தல. நீங்க கூரைய வெட்டிக் கோழிய எடுத்துருங்க. செலவு என்னோடது."

"வெட்ட முடியாது. நல்ல வெல்டிங். நீயேதான சொன்ன."

லைல் சாவியை நீட்டினான். ஆர்வில் கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆர்வில், நான் மகளப் பத்திக் கவலப்படுற ஒரு அப்பன். புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவ எங்க போறான்னு தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும். அது மட்டும் தெரிஞ்சா போதும், எந்த வண்டியா இருந்தாலும் எடுத்துக் குடுத்துருவேன்."

ஆர்வில் ஒரு அடி பின்வாங்கி வீட்டுக்குள் போனார். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, மீதி இடுக்கில் முகத்தை வைத்துச் சொன்னார்:

"உன் பொண்ணு இங்கதாம்ப்பா வந்து கோழிய வெல்டிங் பண்ணிட்டிருந்தா, நோரீன் போன மாசமே இந்த வண்டிய உனக்குன்னு வாங்கிட்டா, ஜோசிக்குத்தான் உன் சாம்பல் வண்டி."

கதவு மூடியது. டார்னெல் ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. ஆர்வில் வீட்டுக் கதவுக்குப் பூட்டு உண்டு என்பதே, உள்ளே அது இரண்டு முறை திரும்பிய சத்தத்தில்தான் லைலுக்குத் தெரிந்தது.